முட்டை ஓட்டுக்குள் போகும் எலும்பு

பிரிட்டனில் பண்ணை முட்டைக்கோழிக்கு ஏறக்குறைய 72 வார வயதுவரைதான் கணக்கு. அதற்கு மேல் முட்டை குறையும், ஓடு மெலியும், தீவனச் செலவு கட்டாது. கொட்டகையைக் காலி செய்து அடுத்த பேட்ச் ஏற்றிவிடுவார்கள். பழைய கோழி கறிக்குப் போகும். அப்படிப் போகிறவற்றில் கொஞ்சத்தைக் கேட்டு வாங்கி, வளர்க்க விரும்புகிறவர்களின் வீட்டுத் தோட்டத்துக்கு அனுப்பும் வேலையை 2005இல் ஜேன் ஹோவர்த் என்ற பெண் தொடங்கினார். அவருடைய அறக்கட்டளை இதுவரை 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை வீடு சேர்த்திருக்கிறது.

வந்து இறங்கும் கோழிக்குக் கழுத்தும் வாலடியும் மொட்டையாக இருக்கும். கொண்டை வெளிறிச் சரிந்து கிடக்கும். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் பெரிய சேதம் வெளியே தெரியாது. அது எலும்பில் இருக்கிறது.

ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போய்விடும். ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. இந்த வேலை பெரும்பாலும் இரவில் நடக்கிறது. அந்நேரம் குடலில் தீனி தீர்ந்துவிடும். அதற்காகத்தான் கோழியின் கால் எலும்புகளுக்குள் ஒரு சேமிப்பு உண்டு. பெட்டை முட்டையிடும் பருவத்துக்கு வரும்போது ஈஸ்ட்ரோஜன் சுரப்பால் எலும்புக் குழிக்குள் மெடுல்லரி எலும்பு என்ற தனி எலும்பு வளர்கிறது. பகலில் போட்டு வைத்து இரவில் எடுத்துச் செலவழிக்கிற உண்டியல் மாதிரி.

சிக்கல் என்னவென்றால், எலும்பைக் கரைக்கும் செல்கள் உண்டியலோடு நிற்பதில்லை, சுவரையும், அதாவது உடலைத் தாங்கும் வெளி எலும்பையும், சுரண்டிவிடும். ஈஸ்ட்ரோஜன் ஏறியிருக்கும்வரை கட்டும் செல்கள் உண்டியலை மட்டுமே நிரப்பும், சுவரைப் பூசாது. கோழியின் மூதாதையான காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைகாக்கப் போய்விடும். இடைப்பட்ட மாதங்களில் சுவர் தேறிவிடும். வருடத்துக்கு 300 முட்டை இடுகிற கலப்பினக் கோழிக்கு அந்த விடுப்பே கிடையாது. கூண்டில் வளர்கிற கோழிக்கு நடக்கவும் வழியில்லாததால் எலும்பு இன்னும் மெலிகிறது. பிடித்துத் தூக்கும்போதே இறக்கை எலும்பு முறிவதுண்டு.

ஆகவே வீட்டுக்கு வந்த கோழி, பகல் குறுகும் இலையுதிர் காலத்தில் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தினால், வளர்ப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை. ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது, கட்டும் செல்கள் சுவர் வேலைக்குத் திரும்புகின்றன. இறகு பெரும்பாலும் புரதம் என்பதால் தீனியில் அது கூடுதலாக வேண்டும். தனியாக ஒரு கிண்ணத்தில் கிளிஞ்சல் தூளும் வைக்க வேண்டும். வெயிலும் உதவுகிறது: இறகில்லாத கால் தோலில்தான் கோழிக்கு வைட்டமின் டி நன்றாக உருவாகிறது.

பழக்கம் தேறுவது வேறு கதை. நம் ஊரில் பொழுது சாய்ந்தால் கோழி தானாக அடைய வந்துவிடும். கூண்டுக்கோழிக்கு அது தெரியாது, சில நாள் கையால் தூக்கி அடைக்க வேண்டும். ஆனால் மண் குளியலை யாரும் சொல்லித்தர வேண்டாம். மண்ணே பார்க்காத கோழிகூடக் கம்பித் தரையில் படுத்து, இல்லாத மண்ணை இறக்கைக்குள் வாரி இறைக்கும். இறகில் சேர்ந்த பழைய எண்ணெய்ப் பசையை நீக்குவதற்கான அசைவு அது, மண் இல்லாவிட்டாலும் நிற்பதில்லை.

சரி, அடுத்த பேட்ச் கோழிக்கு என்ன வழி? ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர், அதாவது ஏ4 தாளைவிடச் சின்ன இடம் தந்த வெற்றுக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 750 சதுர சென்டிமீட்டர் கூண்டுக்கு இன்னும் அனுமதி உண்டு. பிரிட்டனில் முட்டை ஓட்டிலேயே எண் குத்தியிருக்கும்: 3 என்றால் கூண்டு, 2 கொட்டகைக்குள், 1 திறந்தவெளி மேய்ச்சல், 0 இயற்கை முறை. 1 வேண்டுமானால் கோழிக்குத் தலா 4 சதுர மீட்டர் மேய்ச்சல் நிலம் காட்ட வேண்டும். ஜேனின் அறக்கட்டளையும் பண்ணையாளர்களோடு சண்டைக்கு நிற்கவில்லை, திறந்தவெளி முட்டையைக் காசு கொடுத்து வாங்குங்கள் என்றுதான் கேட்கிறது.

திறந்தவெளியும் சொர்க்கமல்ல. கொட்டகைக்குள் இருக்கும் அடுக்குத் தட்டிலிருந்து குதித்து மார்பெலும்பு முறிவது அங்கே அதிகம். அதற்குச் சாய்தளம் வைக்கிறார்கள். இன்னொன்று, கதவைத் திறந்துவிட்டாலும் பல கோழிகள் வாசலைத் தாண்டுவதில்லை. மூங்கில் புதரில் வாழ்ந்த பறவையின் வம்சம், பருந்து வட்டமிடக்கூடிய வெட்டவெளிக்கு எப்படி வரும்? கொட்டகை வாசலிலிருந்தே வரிசையாக மரம் நட்டுவிட்டால் நிழலை ஒட்டிக் கிளறிக்கொண்டே வெகுதூரம் போய்விடும்.