லெப்டொப்பை விற்கும் முன்: டிஸ்க்கிலிருந்து தரவு உண்மையில் எப்போது அழிகிறது?

கொழும்பில் பழைய லெப்டொப் ஒன்றை விற்பது பெரிய வேலையே இல்லை. இரவு இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டால் காலையில் வெள்ளவத்தையிலிருந்தோ தெஹிவளையிலிருந்தோ யாராவது அழைத்து "கடைசி விலை என்ன?" என்று கேட்பார்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் கொண்டுபோனால் கடைக்காரர்களே விலை சொல்வார்கள். 2022 இல் ரூபாய் விழுந்து புதிய கணினி பலருக்கு எட்டாக்கனியான பிறகு பாவித்த கணினிக்கு மவுசு இன்னும் கூடிவிட்டது. வாங்க வருபவர் பற்றரி எவ்வளவு நேரம் நிற்கும், ரேம் எவ்வளவு, திரையில் கோடு ஏதும் விழுகிறதா என்று எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்ப்பார். விற்பவரோ "எல்லாத்தையும் ஃபோர்மட் பண்ணிட்டன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அது போதாது. ஏன் போதாது என்று தெரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

முதலில் அந்த டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம்மவர் கணினிகளில் அநேகமாக ஒரு ஃபோல்டர் இருக்கும்: வீசாவுக்காக ஸ்கான் பண்ணிய பாஸ்போர்ட், அடையாள அட்டையின் இரு பக்கங்கள், பிறப்புச் சான்றிதழ், ஓ/எல் பெறுபேறு, கிராம சேவகர் கடிதம், ஆறு மாத வங்கிக் கூற்று. 12 இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆக அந்த எண் ஒன்றே போதும், பிறந்த திகதியும் பாலினமும் தெரிந்துவிடும். மற்றப் பக்கத்தில் முகவரி வேறு. இதெல்லாம் நீங்களாகச் சேமித்தவை மட்டும்தான். பிரவுசர் ஞாபகம் வைத்திருக்கும் கடவுச்சொற்கள், படங்களின் சிறு நகல்கள், கணினியை ஹைபர்னேட் பண்ணும்போது ரேமில் இருந்ததை அப்படியே எழுதிவைக்கும் கோப்பு என்று உங்களுக்குத் தெரியாமலே சேர்ந்தவை இன்னும் அதிகம். ஒவ்வொரு ஃபைலாகத் தேடி அழிப்பதில் பிரயோசனமே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். அழித்தால் முழு டிஸ்க்கையும் அழிக்க வேண்டும்.

சரி, டிலீட் பண்ணும்போது என்ன நடக்கிறது? விண்டோஸ் பாவிக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் டிஸ்க்கின் ஓரிடத்தில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. எந்தக் கோப்பு எங்கே தொடங்குகிறது, எத்தனை துண்டுகளாகக் கிடக்கிறது என்பதெல்லாம் அதில்தான். நீங்கள் ஒரு கோப்பை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலியாக்கினால் அந்த அட்டவணையில் உரிய வரி "பாவனையில் இல்லை" என்று குறிக்கப்படும், அந்த இடம் "காலி" என்று பதிவாகும், அவ்வளவுதான். கோப்பின் உள்ளடக்கத்தை யாரும் தொடுவதில்லை. காணி உறுதியைக் கிழித்துப் போட்டால் காணியிலிருக்கும் வீடு இடிந்துவிடாதே, அதே கதைதான். இதற்குக் காரணம் வேகம். 4 ஜிபி வீடியோவை உண்மையாகவே அழிப்பதென்றால் 4 ஜிபியையும் திரும்ப எழுத வேண்டும், அதற்கு நேரம் போகும். ஓரிரு வரிகளை மாற்றுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தேவையில்லை. குவிக் ஃபோர்மட்டும் இப்படித்தான், பழைய அட்டவணைக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். குவிக் என்ற அடையாளத்தை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபோர்மட் மட்டும் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து எல்லா இடத்திலும் பூச்சியம் எழுதுகிறது. அதற்கு முந்தைய எக்ஸ்பியில் முழு ஃபோர்மட்கூடப் பழுதான இடங்களைத் தேடியதோடு சரி, எதையும் அழிக்கவில்லை.

அட்டவணையே இல்லாதபோது கோப்பை எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்கலாம். ஒரு ஜேபெக் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கமெராவில் எடுத்தாலும் அதன் முதல் மூன்று பைட்டுகள் 255, 216, 255 என்றுதான் இருக்கும், கடைசி இரண்டும் 255, 217. பீடிஎஃப் கோப்பென்றால் ஒரு சதவீதக் குறியோடு தொடங்கி அடுத்து பீடிஎஃப் என்ற மூன்று எழுத்துகள் வரும். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் அட்டவணையைத் தேடுவதே இல்லை. டிஸ்க் முழுதும் செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும், முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை வாசித்துக்கொண்டே போகும், இந்த எண்களைக் கண்ட இடத்தில் "இங்கே ஒரு படம் தொடங்குகிறது" என்று வெட்டி எடுக்கும். பெயர் போயிருக்கும், ஃபோல்டர் போயிருக்கும், ஆனால் படம் முழுதாக வரும். குவிக் ஃபோர்மட் பண்ணிய ஹார்ட் டிஸ்க்கில் இதை ஓடவிட்டால் உறவினர் கலியாணப் படங்களும் ஸ்கான் பண்ணிய உறுதிகளும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழும். இதற்கு நிபுணர் தேவையில்லை, நேரம் இருந்தால் போதும்.

2003 இல் எம்ஐடியைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள், பாவித்த ஹார்ட் டிஸ்க்குகள் 158 ஐ விலைக்கு வாங்கிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 129 வாசிக்கக்கூடிய நிலையில் இருந்தன. ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை வெறும் 12. மற்றவற்றிலிருந்து 5,000 க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்ட் எண்கள் கிடைத்தன. விற்றவர்கள் எல்லாரும் அலட்சியக்காரர்கள் அல்ல, அழித்துவிட்டோம் என்று நம்பியவர்களும் அதில் இருந்தார்கள்.

இனி அழிப்பதற்கு வருவோம். இங்கே உங்கள் கணினியில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். எதையாவது அழிக்க வேண்டுமென்றால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் அது கணினிக்குத் தெரியும், எஸ்எஸ்டியில் தெரியாது. மற்ற எல்லா வித்தியாசமும் இதிலிருந்து வருவதுதான்.

ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பூச்சுப் பூசிய தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கிறது. அதன்மீது நகரும் தலை, மிகச் சிறிய பகுதிகளின் காந்தத் திசையை மாற்றி 0, 1 என்று எழுதுகிறது. இன்ன இலக்கச் செக்டரில் எழுது என்றால் அந்த இடத்திலேயே எழுதும், பழைய திசை மாறிவிடும். ஆகவே முழு டிஸ்க்கிலும் ஒரு தடவை பூச்சியம் எழுதினால் வேலை முடிந்தது. "ஒரு தடவை போதாது, 35 தடவை எழுத வேண்டும்" என்று கடைகளில் இன்னும் சொல்கிறார்கள். அந்த 35 பீட்டர் குட்மன் என்ற கணினி ஆய்வாளர் 1996 இல் எழுதிய ஆய்விலிருந்து வந்தது. அந்தக் காலத்து டிஸ்க்குகளில் தடங்கள், அதாவது தட்டில் தரவு எழுதப்படும் வட்டப் பாதைகள், அகலமாக இருந்தன, தலை ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதே இடத்தில் நிற்கவில்லை, ஓரத்தில் பழைய காந்தத்தின் எச்சம் இருக்கலாம் என்பது அவருடைய கருத்து. 35 என்பதும் அப்போதிருந்த வெவ்வேறு குறியீட்டு முறைகள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்த கணக்கு, ஒரே டிஸ்க்குக்கு அத்தனையும் தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதிவிட்டார். இப்போது ஒரு தடத்தின் அகலம் சுமார் 100 நானோமீற்றர், அதற்கும் குறைவு, ஓரம் என்று சொல்ல எதுவுமே மிச்சமில்லை. 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு தடவை மேலெழுதிய டிஸ்க்கைக் காந்தவிசை நுண்நோக்கியால் பார்த்து ஒரு பிட்டைச் சரியாக மீட்கும் வாய்ப்பு 56 சதவீதம் என்று வந்தது. ஒரே ஓர் எழுத்துக்கு எட்டு பிட் வேண்டும், எட்டும் சரியாக வரும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இதை வைத்துக்கொண்டு உங்கள் வங்கிக் கூற்றை யாரும் வாசிக்கப் போவதில்லை. 1 டிபி டிஸ்க்கில் செக்கனுக்கு 100 எம்பி வேகத்தில் ஒரு தடவை எழுத மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். 35 தடவை என்றால் நான்கு நாள். அந்த நாலு நாளும் மின்சாரத்துக்குத்தான் செலவு.

எஸ்எஸ்டி முற்றிலும் வேறு. இதில் தட்டும் இல்லை, தலையும் இல்லை, மின்னேற்றத்தைச் சிறைப்பிடித்து வைக்கும் கோடிக்கணக்கான நுண்கலங்கள்தான். இந்தக் கலங்களுக்கு இரண்டு குணங்கள். எழுதியதன்மேல் நேரடியாகத் திருப்பி எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும், அழிப்பதென்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு பெரிய தொகுதியாகத்தான் அழிக்க முடியும். இரண்டாவது, ஒவ்வொரு அழிப்பிலும் கலம் கொஞ்சம் தேய்கிறது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் செத்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப், நீங்கள் 500 ஆம் இலக்கத்தில் எழுதச் சொன்னால் காலியாக இருக்கும் வேறெங்கோ எழுதிவிட்டு, "500 இனி அங்கே" என்று தன் குறிப்பில் மாற்றிக்கொள்ளும். பழைய 500 இல் இருந்தது அங்கேயே கிடக்கும், எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது துப்புரவு செய்யும். கணினிக்குத் தெரியும் முகவரிகளுக்கும் சிப்புகளில் உள்ள இடங்களுக்கும் நிலையான தொடர்பே கிடையாது. போதாக்குறைக்குக் கணினியின் கண்ணுக்கே காட்டாத உபரி இடமும் உண்டு, பொதுவாக ஏழு சதவீதம் அல்லது அதற்கு மேல்.

இப்போது ஒரு கோப்பின்மேல் பூச்சியம் எழுதும் மென்பொருளை எஸ்எஸ்டியில் ஓடவிட்டால் என்ன ஆகும்? பூச்சியம் புதிய இடத்துக்குப் போகும், கோப்பு பழைய இடத்தில் இருக்கும். சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011 இல் எஸ்எஸ்டிகளைப் பிரித்து சிப்புகளை நேரடியாக வாசித்துப் பார்த்தபோது சில கோப்புகளுக்கு 16 பழைய நகல்கள் வரை இருந்தன. கோப்பு கோப்பாக அழிக்கும் முறைகளில் ஒன்றுகூட எஸ்எஸ்டியில் சரிவரவில்லை. முழு டிஸ்க்கையும் இரண்டு தடவை மேலெழுதியதுகூடப் பெரும்பாலும் போதுமாக இருந்தது, எப்போதும் அல்ல.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7 இலிருந்து டிரிம் என்ற கட்டளை உண்டு. கோப்பை அழித்தவுடன் "இந்த இலக்கங்கள் இனி வேண்டாம்" என்று எஸ்எஸ்டிக்கு அறிவித்துவிடும், அதன்பின் அந்த இலக்கங்களை வாசித்தால் பெரும்பாலும் பூச்சியம்தான் வரும். அதனால் போட்டோரெக் வைத்துத் தேடுபவருக்கு எஸ்எஸ்டியில் அவ்வளவாக ஒன்றும் கிடைக்காது. ஆனால் டிரிம் ஓர் அறிவிப்பு மட்டுமே. சிப்பில் உண்மையாக எப்போது அழியும் என்பது கன்ட்ரோலரின் முடிவு, யூஎஸ்பி பெட்டியில் போட்டுப் பாவித்த எஸ்எஸ்டிக்கு அந்த அறிவிப்பே போய்ச் சேர்ந்திருக்காமலும் இருக்கலாம்.

எங்கே என்ன இருக்கிறது என்பது கன்ட்ரோலருக்கு மட்டும்தான் தெரியும் என்றால் அழிக்கும்படி அதையே கேட்க வேண்டியதுதான். அதற்கென்றே கட்டளைகள் இருக்கின்றன: எஸ்எஸ்டி கணினியோடு இணையும் முறையைப் பொறுத்து, சாட்டா வகையில் செக்யூர் இரேஸ், என்விஎம்இ வகையில் ஃபோர்மட் (விண்டோஸின் ஃபோர்மட் அல்ல, கன்ட்ரோலருக்கான கட்டளை), சானிட்டைஸ். உபரி இடம் உட்பட எல்லாத் தொகுதிகளையும் கன்ட்ரோலரே அழிக்கும், பெரும்பாலும் சில நிமிடங்களில். டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் அலுவலகப் பாவனைக்கான பல மொடல்களில், விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய பயோஸ் மெனுவிலேயே இது இருக்கும். இல்லையென்றால் லினக்ஸ் பென் டிரைவில் பூட் பண்ணிச் செய்யலாம். அப்படிச் செய்யும்போது சாட்டா டிஸ்க் "ஃபுரோசன்" (கட்டளையை ஏற்காமல் உறைந்த நிலை) என்று சொல்லி மறுத்தால் லெப்டொப்பை ஒரு தடவை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் அநேகமாக வழிவிடும். சார்ஜரைக் குத்திவிட்டு, பற்றரியும் நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். இடி மழை நேரத்தில் கரன்ட் போய் அழிப்பு நடுவில் நின்றால் டிஸ்க் பூட்டிய நிலையில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு குறை உண்டு. மேலே சொன்ன அதே 2011 ஆய்வில், "அழித்துவிட்டேன்" என்று பதில் சொன்ன ஓர் எஸ்எஸ்டியில் தரவு அப்படியே இருந்தது. கன்ட்ரோலரின் வாக்கை நாம் நம்பத்தான் வேண்டியிருக்கிறது, அந்த வாக்கை எழுதியது உற்பத்தியாளரின் புரோகிராமர். அதனால்தான் எனக்குப் பிடித்த வழி வேறு: கணினி வாங்கிய முதல் நாளே என்க்ரிப்ஷனைப் போட்டுவிடுவது. விண்டோஸில் பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன், மேக்கில் ஃபைல்வோல்ட், லினக்ஸில் லக்ஸ். டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் 128 அல்லது 256 பிட் நீளமான ஒரு சாவியால் குழப்பப்பட்ட பிறகே போகிறது. 16 நகல் இருந்தாலும் 16 உம் வெறும் இரைச்சல். விற்கும் நாளில் அந்தச் சிறிய சாவியை அழித்தால் ஒரு டெராபைட்டும் அர்த்தமிழந்துவிடும், எது எங்கே இருக்கிறது என்ற கேள்வியே எழாது. இதில் எஸ்எஸ்டி தானே செய்யும் என்க்ரிப்ஷனை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் பிரபலமான சில எஸ்எஸ்டிகளின் உள் என்க்ரிப்ஷனைக் கடவுச்சொல் இல்லாமலே திறக்க முடிந்ததைக் காட்டினார்கள், அடுத்த ஆண்டு மைக்ரோசொஃப்ட்டும் பிட்லொக்கரின் வழமையான தெரிவை மென்பொருள் என்க்ரிப்ஷனுக்கு மாற்றியது. அண்ட்ரொயிட் 10 உடன் வந்த போன்களிலும் ஐபோன்களிலும் அப்பிளின் டி2 சிப் உள்ள மேக்குகளிலும் எம்1 சிப்பும் அதற்குப் பிந்தியவையும் உள்ள மேக்குகளிலும் இந்தக் குழப்பல் தானாகவே நடக்கிறது. அவற்றில் கணக்குகளிலிருந்து வெளியேறிவிட்டு முழு ரிசெட் கொடுத்தால் நம்பலாம்.

இவ்வளவு காலமும் என்க்ரிப்ஷன் இல்லாமல் பாவித்துவிட்டீர்களா? இப்போது போடுங்கள், "பாவித்த இடம் மட்டும்" என்ற தெரிவை எடுக்காமல் முழு டிஸ்க்குக்கும். முடிந்த பின் விண்டோஸ் ரிசெட்டில் ரிமூவ் எவ்ரிதிங் கொடுத்து, அதன் செட்டிங்ஸில் க்ளீன் டேட்டாவையும் ஒன் பண்ணுங்கள். எஸ்எஸ்டி என்றால் ரிசெட்டுக்குப் பதிலாகச் செக்யூர் இரேஸ் கொடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது இன்னும் நல்லது. எல்லாம் முடிந்து வாங்குபவர் வருவதற்கு முன் போட்டோரெக்கை நீங்களே ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள். விண்டோஸோடு வரும் படங்களும் ஐகன்களும் வரும், உங்கள் வீட்டு முகம் ஒன்றுகூட வரக்கூடாது.

அலுவலகக் கணினிகளை மொத்தமாக விற்பவர்களுக்கு இது இன்னும் பாரதூரமானது. அமெரிக்க நிதி நிறுவனமான மோர்கன் ஸ்டான்லி பழைய சேர்வர்களையும் டிஸ்க்குகளையும் அகற்றும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத ஓர் இடமாற்றக் கம்பனியிடம் கொடுத்து, அவை வாடிக்கையாளர் விவரங்களோடு ஏலத்துக்குப் போய், 2022 இல் 35 மில்லியன் டொலர் அபராதம் கட்டியது. நம் நாட்டிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. டியூட்டரியோ டிஸ்பென்சரியோ நடத்துபவர்கள், பிள்ளைகளின் விவரமும் நோயாளிகளின் விவரமும் இருக்கும் கணினியைக் கைமாற்றும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

பழுதாகி வேலை செய்யாத டிஸ்க் என்றால் கட்டளை எதையும் கொடுக்க முடியாது, ஆனால் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு அதிலுள்ள தரவு கிடைக்கலாம். சாதாரண காந்தத்தை அதன்மேல் தேய்ப்பதால் ஒன்றும் ஆகாது. டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிட்டு லெப்டொப்பை மட்டும் விற்றுவிடுங்கள், வாங்குபவர் எப்படியும் புதிய எஸ்எஸ்டி ஒன்று போடத்தான் நினைத்திருப்பார். பென் டிரைவுக்கும் மெமரி கார்டுக்கும் இதே ஆலோசனைதான். அவற்றிலும் எஸ்எஸ்டி போலவே கன்ட்ரோலர் இடம் மாற்றி எழுதுகிறது, அழிக்கச் சொல்லும் கட்டளை பெரும்பாலானவற்றில் இல்லை, விற்றாலும் பெரிதாக விலை போகாது, கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.