பசுமைப் பகுப்பாய்வு: ஒரு சொல் விளக்கம்

மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் என் அண்ணன் மகள், கோவில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன் படிப்பைப் பற்றிப் பேச வேண்டுமாம். ஆண்டிபயாட்டிக் மருந்துகளைச் சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவாகச் சோதிப்பதுதான் அவள் பொருள். "சித்தப்பா, பிரெஞ்சில் ஷிமி அனலித்திக் வெர்த் என்பதைப் பச்சைப் பகுப்பாய்வு என்று போடலாமா?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். வெர்த் என்றால் பச்சைதான், சரி. ஆனால் தமிழில் பச்சைக்கு நிறம் தவிர வேறு வேலைகளும் உண்டு. புழுக்காத அரிசி பச்சரிசி, கூசாமல் சொல்வது பச்சைப் பொய், மருந்தாகும் தழை பச்சிலை. 'பச்சை மருந்து ஆய்வு' என்றால் வகுப்பே மூலிகையை நினைக்கும். பசுமையும் அதே வேர்தான். ஆனால் அதில் வாடாமையும் செழிப்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அனாலிசிஸ் கிரேக்கத்தில் கட்டவிழ்ப்பது. நாம் பகுத்தலையும் ஆய்தலையும் சேர்த்துக்கொண்டோம். கீரை ஆய்வது நினைவுக்கு வந்தாலும் தப்பில்லை.

ஆண்டிபயாட்டிக்கை மருந்துப் பெயராக்கியவர் செல்மன் வாக்ஸ்மன், 1940களின் தொடக்கத்தில். 'எதிர்', 'உயிர்' என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் அதில் இருக்கின்றன. அதற்காக 'உயிர் எதிர்ப்பி' என்றால் விஷம் போல ஒலிக்கும். நுண்ணுயிர் எதிர்ப்பிதான் பொருத்தம்.

அப்புறம் விஷயம். மாத்திரையில் சொன்ன அளவு அமாக்சிசிலின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பி இருக்கிறதா என்று பார்க்க, கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் கரைப்பான் கலவையை ஓட்டுவார்கள். நிமிடத்துக்கு 1 மில்லி லிட்டர் என்பது வழக்கமான வேகம். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 1.4 லிட்டர் கழிவு. அதில் பெரும்பாலும் மெத்தனாலோ அசிட்டோநைட்ரைலோ கலந்திருக்கும். அசிட்டோநைட்ரைல் உடலுக்குள் போனால் சயனைடைக் கக்கும். இந்தக் கழிவைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. 1998இல் வேதியியலாளர்கள் பால் அனஸ்தாஸும் ஜான் வார்னரும் பசுமை வேதியியலுக்கு 12 நெறிகள் வகுத்தார்கள். பகுப்பாய்வுக்கென்று தனியாக 12 நெறிகள் 2013இல் வந்தன. கரைப்பானைக் குறை, நஞ்சு குறைந்ததாக மாற்று என்பவை அவற்றின் சாரத்தில் உண்டு.

மாற்றாக வருவதில் ஒன்று எத்தனால். "நம்ம கரும்பு!" என்று சிரித்தாள். ஆமாம், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகை நொதிக்க வைத்தால் அது கிடைக்கும். குறை இல்லாமல் இல்லை: தண்ணீரோடு சேர்ந்தால் கலவை கெட்டியாகி, கருவியில் அழுத்தம் ஏறும். கருவிக்குள் பொருள்கள் பிரியும் குழாயைச் சூடாக்கிச் சமாளிக்கிறார்கள்.

'நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளின் பசுமை பகுப்பாய்வு' என்று தாளில் எழுதிக் காட்டினாள். விட்டுப்போன 'ப்' ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன்.