பெட்ரோல் டேங்கின் காலியிடம்

ஒவ்வொரு கோடையிலும் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் பெயரால் ஓர் எச்சரிக்கை வாட்ஸ்ஆப்பில் சுற்றி வருகிறது: வெயில் ஏறப்போகிறது, டேங்கை முழுவதும் நிரப்பாதீர்கள், பாதி மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் வண்டி வெடித்துவிடும். அந்த நிறுவனம் இதைப் பலமுறை மறுத்து, வாகன உற்பத்தியாளர் குறிப்பிட்டுள்ள அளவு வரை எந்தப் பருவத்திலும் எரிபொருள் நிரப்பலாம் என்று விளக்கமும் அளித்துவிட்டது. ஆனாலும் செய்தி ஓயவில்லை. வெப்பத்தில் திரவம் விரியும், ஆவி பெருகும் என்ற பள்ளிக்கூட அறிவோடு அது ஒத்துப்போவதே அதன் பலம். அந்த அறிவில் பிழையில்லை. அதிலிருந்து எடுக்கப்பட்ட முடிவுதான் தலைகீழானது. டேங்கில் உள்ள பெட்ரோலைக் காட்டிலும் அதற்கு மேலே உள்ள காலியிடமே பொறியாளர்களுக்கு அதிக வேலை வைக்கிறது. பாதி நிரப்பிய டேங்கில் அந்தக் காலியிடம் பெரியது.

முதலில் விரிவைப் பார்த்துவிடலாம். ஒரு பாகை வெப்பநிலை உயர்வுக்குப் பெட்ரோல் தன் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிறது. 40 லிட்டர் பெட்ரோல் 15 பாகை சூடேறினால் கூடுவது அரை லிட்டருக்குச் சற்று மேல். ஒரு காரின் டேங்கில் ‘முழுவதும் நிரம்பியது’ என்று சொல்லும் நிலையிலேயே மேல்பகுதியில் சில லிட்டர் இடம் விட்டுவைக்கப்பட்டிருப்பதால், இந்த விரிவு எளிதாக அதில் அடங்கிவிடும்.

வெடிப்பைப் பற்றிய அச்சமும் இடம் மாறி விழுந்த ஒன்று. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 விழுக்காட்டிலிருந்து 7.6 விழுக்காடு வரை கலந்திருக்கும்போதுதான் அது தீப்பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, மிகுந்தாலும் பற்றாது. நம் ஊர் வெப்பநிலையில் மூடிய டேங்குக்குள் ஆவியின் பங்கு மூன்றில் ஒன்றைக்கூடத் தாண்டிவிடும் என்பதால், அங்கே எரிவதற்குப் போதிய ஆக்சிஜன் கிடையாது. ஆபத்து இருப்பது ஆவி வெளியே கசிந்து காற்றோடு கலந்து மெலியும் இடத்தில், அதாவது டேங்கின் வாயருகிலும், காற்றைவிடக் கனமான அந்த ஆவி தாழ்ந்து தேங்கும் தரையருகிலும். பங்க்கில் புகைபிடிக்கக் கூடாது என்ற விதி இதனால்தான் பொருளுடையதாகிறது.

பெட்ரோல் ஒற்றைப் பொருள் அன்று. நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட பியூட்டேன் முதல் பன்னிரண்டு அணுக்கள் வரை உள்ள நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை அது. குளிர்ந்த எஞ்சின் எளிதில் கிளம்ப வேண்டுமானால், விரைவில் ஆவியாகும் இலேசான கூறுகள் அதில் இருந்தே ஆக வேண்டும். வண்டி நிற்கும்போது டேங்கைவிட்டு முதலில் ஓடப் பார்ப்பவையும் அவையே. இந்த ஓட்டத்தின் வேகத்தைக் குறிக்கும் அளவுகோல், 37.8 பாகை செல்சியசில் அளக்கப்படும் ஆவியழுத்தம். எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு இந்தியத் தரநிர்ணயம் வைத்துள்ள உச்ச வரம்பு 60 கிலோபாஸ்கல்; வளிமண்டல அழுத்தமோ 101. எத்தனால் கலந்தால் கணக்கு சற்று விசித்திரமாகிறது. தூய எத்தனாலின் ஆவியழுத்தம் சுமார் 16 கிலோபாஸ்கல்தான். ஆனாலும் அதைப் பத்து விழுக்காடு கலந்த பெட்ரோலின் ஆவியழுத்தம் 7 கிலோபாஸ்கல் அளவுக்கு உயர்கிறது. தனித்திருக்கும்போது ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருக்கும் எத்தனால் மூலக்கூறுகள், ஹைட்ரோகார்பன்களின் நடுவே சிதறிவிட்டால் அந்தப் பிடியை இழந்து எளிதில் ஆவியாகிவிடுவதே காரணம். இருபது விழுக்காட்டுக் கலவையில் இந்த உயர்வு சற்றுத் தணிந்திருக்கும். எத்தனால் இருபதைப் பற்றிய இன்றைய வாதங்களில் பத்து விழுக்காட்டுக் கலவையைவிட ஆவி கூடுகிறது என்ற குற்றச்சாட்டு மட்டும் அவ்வளவாக நிற்காது.

இனி டேங்கின் மூச்சுக்கு வருவோம். பகலில் சூடேறும்போது காலியிடத்தில் உள்ள காற்றும் ஆவியும் விரிந்து வெளியே தள்ளப்படுகின்றன. இரவில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்தப் புதிய காற்றை நிறைக்க மேலும் பெட்ரோல் ஆவியாகிறது. மறுநாள் அதுவும் வெளியேறுகிறது. வெளியேறும் ஆவியின் அளவு காலியிடத்தின் பருமனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில், 60 கிலோபாஸ்கல் ஆவியழுத்தமுள்ள பெட்ரோல் 22 பாகையிலிருந்து 36 பாகைக்குச் சூடேறுவதாக இட்டுப் பார்த்தால், காலியிடத்தின் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ அரை கிராம் ஆவி வெளியே வரும். 40 லிட்டர் டேங்க் பாதி காலியாக இருந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 10 கிராம். பத்தில் ஒரு பங்கு மட்டும் காலியாக இருந்தால் சுமார் 2 கிராம். வாட்ஸ்ஆப் அறிவுரையைக் கேட்டு நடப்பவர் ஐந்து மடங்கு ஆவியை உண்டாக்குகிறார்.

பழைய வண்டிகளில் இந்த ஆவி நேராகத் தெருவுக்குப் போயிற்று. பழைய மோட்டார் சைக்கிள்களின் டேங்க் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். அது தூசியால் அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி வண்டி நடுவழியில் நின்றுவிடும். காற்று உள்ளே வர வேண்டிய அந்தத் துளை வழியாகவே ஆவி வெளியே போனது. அதை ஒரு குற்றமாக யாரும் கருதவில்லை, லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தார் கண்ணெரிச்சலால் அவதிப்படத் தொடங்கும் வரை. கால்டெக் கல்விக்கழகத்தில் அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஏரி ஹாகன்-ஸ்மித் என்ற வேதியியலாளர், அதே நுட்பத்தை நகரின் காற்றின்மேல் திருப்பினார். எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அவர் காட்டினார். கட்டுப்பாடு எதுவும் இல்லாத அக்காலக் கார் ஒன்று வெளியிட்ட ஹைட்ரோகார்பன்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே வரவில்லை; டேங்கிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் வெறுமனே ஆவியாகிப் போயிற்று. கலிஃபோர்னியா 1970ஆம் ஆண்டு மாடல்களுக்கும், அமெரிக்கா முழுவதும் 1971ஆம் ஆண்டு மாடல்களுக்கும் இந்த ஆவியைப் பிடித்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது.

ஆவியைப் பிடிப்பதற்கு முன், திரவம் தன் எல்லையில் நிற்க வேண்டும். பங்க்கில் ‘ஆட்டோ கட்’ விழுவது எப்படி என்று பார்த்தால் இது விளங்கும். டேங்கின் உச்சியில் மிதவையுடன் கூடிய வால்வு ஒன்று உள்ளது. நிரப்பும்போது வெளியேற்றப்படும் ஆவி அதன் வழியாகத்தான் போகும். பெட்ரோல் குறித்த மட்டத்தை எட்டியதும் மிதவை எழும்பி அந்த வழியை அடைக்கிறது. போக வழியின்றி டேங்குக்குள் அழுத்தம் ஏறுகிறது. பெட்ரோல் வண்டியின் நிரப்புக்குழாயில் மேலேறி, பங்க் ஊழியர் அதில் செருகியிருக்கும் குழலின் நுனியில் உள்ள சிறு துளையை மூடுகிறது. அதுவரை அத்துளை வழியே காற்றை இழுத்துக்கொண்டிருந்த குழலுக்குக் காற்று கிடைக்காமல் போகவே, உள்ளே உண்டாகும் குறையழுத்தம் ஒரு சவ்வை இழுத்து விசையை விடுவிக்கிறது. ஆகவே ‘கட்’ விழும் கணத்தை முடிவுசெய்வது பெரும்பாலும் வண்டியின் டேங்க்தான்; பங்க் இயந்திரம் அதற்குக் கீழ்ப்படிகிறது.

டேங்க் ‘போதும்’ என்று சொன்ன பிறகும், தொகையை முழுசாக்குவதற்காகச் சொட்டுச் சொட்டாக ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஊற்றப்படும் அந்தப் பெட்ரோல், விரிவுக்கும் ஆவிக்கும் விடப்பட்ட இடத்தைத் தின்கிறது. அளவு மீறினால் ஆவிக்குழாய் வழியே திரவமாகவே, ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப்பெட்டிக்குள் போய்ச் சேர்கிறது. வண்டி சரிவில் நின்றாலும், வளைவில் குலுங்கினாலும், விபத்தில் கவிழ்ந்தாலும் திரவம் அந்த வழியில் நுழையாதபடி வேறு வால்வுகளும், தப்பி வந்த துளிகளைப் பிரித்து டேங்குக்கே திருப்பும் சிறு அறையும் உண்டு. தலைகீழான நிலையில் மிதவையின் எடையும் சுருள்வில்லும் சேர்ந்து வழியை அடைத்துவிடும். ஆனால் பங்க்கில் நிதானமாக, வேண்டுமென்றே ஊற்றப்படும் கூடுதல் பெட்ரோலை இவை எப்போதும் தடுத்துவிட முடியாது.

கரிப்பெட்டி என்று சொன்னது, பட்டறையில் ‘கேனிஸ்டர்’ என்று அழைக்கப்படும் பகுதி. கார்களில் டேங்கை ஒட்டியோ எஞ்சின் அறையிலோ இருக்கும். இந்தியாவின் இருசக்கர வாகனங்களில், 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ்) மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தது முதல், வண்டியின் சட்டகத்தை ஒட்டி ஒரு சிறு கறுப்பு உருளையாகத் தொங்குகிறது. உள்ளே இருப்பது கிளர்வூட்டப்பட்ட கரி. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டரையும் தாண்டும். ஆவி மூலக்கூறுகள் அதன் நுண்துளைகளில் பரப்புக் கவர்ச்சியால் ஒட்டிக்கொள்ள, காற்று மட்டும் வெளியேறுகிறது.

பிடிப்பது பாதி வேலைதான். பிடித்ததை விடவும் வேண்டும், ஏனெனில் விடாத கரி சில நாளில் நிறைந்து பயனற்றதாகிவிடும். எஞ்சின் ஓடும்போது, கணினியின் கட்டளைப்படி பர்ஜ் வால்வு திறக்கிறது. காற்று எஞ்சினுக்குள் நுழையும் குழாயில் உள்ள குறையழுத்தம் வெளிக்காற்றைக் கரியின் ஊடாக இழுக்கிறது. அந்தக் காற்று மூலக்கூறுகளைப் பெயர்த்துக்கொண்டு எஞ்சினுக்குப் போய் எரிகிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் உணரி, எரிபொருள் மிகுந்துவிட்டதைக் கண்டு சொல்ல, கணினி அந்த அளவுக்கு இன்ஜெக்டர் பீய்ச்சும் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. தெருவில் வீணாகியிருக்க வேண்டிய பெட்ரோல் இப்படி ஓட்டத்துக்கே பயன்படுகிறது.

விடவும் வேண்டும் என்ற இந்த நிபந்தனையில் நமக்கு நெருக்கமான ஒரு செய்தி இருக்கிறது. தமிழகமும் இலங்கையும் சிரட்டைக்கரியிலிருந்து கிளர்வூட்டப்பட்ட கரி செய்து உலகுக்கு அனுப்புகின்றன. நீர் வடிகட்டிகளிலும் தங்கச் சுரங்கங்களிலும் அதற்கு நல்ல மதிப்பு. ஆனால் வாகனக் கேனிஸ்டர்களில் பெரும்பாலும் இடம்பெறுவது பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்திய மரத்தூளிலிருந்து செய்த கரி. சிரட்டைக்கரியின் துளைகள் மிக நுண்ணியவை. பெட்ரோல் ஆவியை அவை இறுகப் பற்றிக்கொண்டு, சாதாரணக் காற்றோட்டத்துக்கு விட்டுக்கொடுக்க மறுக்கின்றன. மரக்கரியின் சற்று அகன்ற துளைகளே பிடிப்பதற்கும் விடுவதற்கும் இசைவானவை. திரவப் பெட்ரோலில் நனைந்த கரிக்கும் இதே கதிதான்: துளைகள் அடைபட்டுப் பிடிக்கும் திறனை இழந்துவிடும், கூடவே பர்ஜ் வால்வு திறக்கும்போதெல்லாம் அளவு மீறிய எரிபொருள் எஞ்சினுக்குள் போகும். பெட்ரோல் நிரப்பிய உடனே வண்டி கிளம்பத் தயங்குகிறது என்றால், மெக்கானிக்கின் சந்தேகம் முதலில் இந்த வால்வின்மேல் விழ வேண்டும். கேனிஸ்டரே தேவையற்ற உறுப்பு என்று கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை அடைத்துவிடும் பட்டறைகளும் உள்ளன. அப்படி அடைத்தால் டேங்குக்குள் காற்று வரும் வழியும் போய்விடுகிறது; பழைய மூடித் துளையின் தொல்லை புதிய வண்டியில் திரும்பி வருகிறது.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிகளின்படி, இருசக்கர வாகனம் ஒன்றை மூடிய அறையில் வைத்துச் சோதிக்கும்போது வெளியேறும் ஆவி 1.5 கிராமைத் தாண்டக் கூடாது. இதில் வால்வும் கரியும் மட்டும் பொறுப்பல்ல. கார்களின் பிளாஸ்டிக் டேங்கின் சுவர் வழியாகவே ஹைட்ரோகார்பன்கள் மெல்ல ஊடுருவும் என்பதால், பாலிஎத்திலீன் அடுக்குகளுக்கு நடுவே ஈவிஓஎச் என்னும் தடுப்பு அடுக்கு வைக்கப்படுகிறது. முன்பு எஞ்சினுக்குச் சென்று மீந்த பெட்ரோல் அதன் சூட்டையும் சுமந்துகொண்டு டேங்குக்குத் திரும்பியது. அழுத்தச் சீராக்கியை டேங்குக்குள்ளேயே வைத்துத் திரும்பும் குழாயை நீக்கிய பின் ஆவியும் குறைந்தது. டீசல் வண்டிகளுக்கு இந்தக் கவலைகள் பெரும்பாலும் இல்லை. டீசலின் ஆவியழுத்தம் புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது.

நிரப்பும் நேரம் ஒரு தனிப் பிரச்சினை. உள்ளே போகும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலும் ஒரு லிட்டர் செறிந்த ஆவியை வெளியே தள்ளுகிறது. அதில் ஏறத்தாழ 1.3 கிராம் ஹைட்ரோகார்பன் இருக்கும், புற்றுநோய்க்குக் காரணமான பென்சீன் உட்பட. நாள் முழுவதும் அதைச் சுவாசிப்பவர்கள் பங்க் ஊழியர்கள். இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்கா 1998 முதல் வண்டியின்மேலேயே பொறுப்பைச் சுமத்தியது: பெரிய கேனிஸ்டர், பாயும் பெட்ரோலே வழியை அடைத்துக்கொள்ளும்படி ஒடுங்கிய நிரப்புக்குழாய். வரம்பு லிட்டருக்குச் சுமார் 0.05 கிராம். சீனாவும் தன் ஆறாம் கட்ட விதிகளில் அதே வழியில் சென்றது. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நகரங்களின் பெரிய பங்க்குகளில் ஆவியை உறிஞ்சி நிலத்தடித் தொட்டிக்குத் திருப்பும் கருவிகளைக் கேட்கின்றன. வண்டியிலேயே பிடிப்பது மேல் என்பது என் கருத்து. ஒவ்வொரு பங்க்கிலும் உறிஞ்சும் பம்ப் பழுதின்றி ஓடுகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வண்டியை ஒருமுறை சரியாக வடிவமைப்பது எளிது. ஆனால் கார்களைவிட இருசக்கர வாகனங்கள் மிகுந்த நாட்டில், அவ்வளவு பெரிய கேனிஸ்டரைப் பொருத்த ஸ்கூட்டரில் இடம் ஏது என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த கலப்பின (ஹைப்ரிட்) வண்டிகள் இந்த ஏற்பாடு முழுவதையும் ஆட்டிவிட்டன. பர்ஜ் நடக்க எஞ்சின் ஓட வேண்டும். பிளக் செருகி மின்னேற்றும் வண்டியில் எஞ்சின் வாரக்கணக்கில் ஓடாமலும் இருக்கலாம், ஆனால் வெயில் தினமும் ஆவியை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் விற்ற தொடக்ககாலப் பிரியஸ் கார்களில் டொயோட்டா, டேங்குக்குள் சுருங்கி விரியும் பை ஒன்றை வைத்துக் காலியிடத்தையே ஒழிக்கப் பார்த்தது. குளிரில் பை விறைத்து, டேங்க் கொள்ளும் அளவே குறைந்தது. செவ்ரோலெட் வோல்ட் எதிர்வழியில் சென்று, டேங்கை அழுத்தம் தாங்கும் எஃகால் செய்து, கேனிஸ்டருக்குப் போகும் வழியை ஒரு தனி வால்வால் அடைத்துவிட்டது. ஆவி அழுத்தத்துடன் உள்ளேயே கிடக்கும். அந்த வண்டிக்குப் பெட்ரோல் போட வேண்டுமானால் ஓட்டுநர் முதலில் ஒரு பொத்தானை அழுத்தி, அழுத்தம் கேனிஸ்டர் வழியே தணிந்த பிறகு மூடி திறக்கும் வரை காத்திருக்க வேண்டும்.