கடலினும் பெரிது, சரி. ஆனால் அது என்ன?

விடைத்தாள் கட்டைப் பிரித்தேன். முதல் தாள் 'பொறுமை கடலினும் பெரிது' என்று தொடங்கியது. இரண்டாவதும் அப்படியே. ஏழாவது தாளுக்கு வந்தபோது அடுத்த வரியைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது: 'பொறுமை மனிதனுக்கு மிகவும் அவசியம்.' கேட்டிருந்த கேள்வி ஒன்றுதான். பொறுமை என்றால் என்ன, வரையறுத்துக் கட்டுரை எழுதுக. கட்டு முழுக்கப் பொறுமையைப் புகழ்ந்து தள்ளியிருந்தார்கள். அது என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை.

கட்டுரை திருத்துவதும் எழுதக் கற்றுத் தருவதும்தான் பல வருடங்களாக என் பிழைப்பு. இந்த வகைக் கட்டுரையில் ஒற்றுப்பிழையால் போகும் மதிப்பெண் கொஞ்சம்தான். கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றை எழுதுவதால் போவதுதான் அதிகம். பழமொழி பொறுமையின் அளவைச் சொல்கிறது. கேள்வி அதன் எல்லையைக் கேட்கிறது. 'இதுவரை', 'அதுவரை' என்கிறோமே, அந்த 'வரை'தான் வரையறையிலும் இருக்கிறது. எதுவரை பொறுமை, எந்த இடத்தில் அது வேறொன்றாகிவிடுகிறது என்று காட்டிவிட்டால் கட்டுரையில் பாதி முடிந்த மாதிரி.

பழமொழி கைகொடுக்காவிட்டால் பிள்ளைகள் அகராதியைத் திறக்கிறார்கள். அகராதி அவசரத்துக்கு உதவும் பொருள். நேர்மை என்றால் நாணயம் என்னும். நாணயத்தைத் தேடிப் போனால் நேர்மைக்கே திருப்பி அனுப்பும். 'பொறுமை என்பது பொறுத்துக்கொள்ளும் தன்மை' என்று எழுதுவதும் இதே செக்குமாட்டுச் சுற்றுதான். பொறுத்தல் என்றால் என்னவென்று தெரியாதவருக்கு அந்த வரி எதையும் சொல்லாது.

அப்புறம் சொல்லின் வேர். இது எனக்கே பிடித்த பொறி, அதனால் எச்சரித்துவிடுகிறேன். நாற்காலி என்றால் நான்கு கால் உடையது. அலுவலகங்களில் சுழலும் நாற்காலிக்கு அடியில் பெரும்பாலும் ஐந்து கால்கள் இருக்கும். யாராவது அதை ஐங்காலி என்கிறோமா? சொல் பிறந்த இடம் ஒன்று, இன்று வாழும் இடம் வேறு. பொறாமையை எடுத்துக்கொள்ளுங்கள். 'பொறு' என்பதன் எதிர்மறைதான் அது, பொறுக்க முடியாமை. அப்படியானால் பொறுமை இல்லாதவர் எல்லாரும் பொறாமைக்காரர்களா? வரிசையில் நின்று சிடுசிடுப்பவருக்கு யார்மேலும் பொறாமை இல்லை, அவசரம் அவ்வளவுதான். வேரைச் சொல்லுங்கள், தப்பில்லை. இன்றைய வழக்கு அதைவிட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அந்தப் பத்திக்கு உயிர் வரும்.

சரி, எல்லையை எப்படிப் பிடிப்பது? நான் வகுப்பில் செய்யச் சொல்வது இதுதான்: சொல்லை நேராகப் பார்க்காதீர்கள், அதன் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள். பொறுமைக்கு எதிரி கோபம் என்று எல்லாருக்கும் தெரியும், அதில் எழுத ஒன்றுமில்லை. பொறுமை மாதிரியே இருந்து ஏமாற்றுகிறவைதான் முக்கியம்: சோம்பல், பயம், வேறு வழியின்மை, அக்கறையின்மை. நான்கு பேரும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு குழந்தை சட்டைப் பொத்தானைப் போடக் கற்றுக்கொள்கிறது. பொத்தான் துளைக்குள் பாதி நுழைகிறது, வழுக்குகிறது, மறுபடி நுழைகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா கையை நீட்டினால் இரண்டு நொடியில் வேலை முடியும். நேரமும் ஆகிவிட்டது. அவர் கை ஒருமுறை எழுந்து, பாதியில் நின்று, மடிக்கே திரும்புகிறது. இதைப் பார்த்துவிட்டு ஒரு மாணவர் எழுதினார்: 'முடித்துவிட முடிந்தும், வேறொன்று விளைவதற்காகக் கையை மடக்கிக்கொள்வது பொறுமை.' நல்ல முதல் வரையறை. சோம்பல் இதற்குள் வராது, சோம்பேறிக்குக் கையே எழாது. பயமும் வராது.

ஆனால் முதல் வரையறையோடு நின்றுவிடக் கூடாது. அதை உடைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இந்தியத் தர்க்க மரபில் ஒரு பழைய கருவி இருக்கிறது. வரையறைக்கு வரும் குற்றங்களை அவர்கள் மூன்றாகப் பிரித்து, பசுவை வைத்து விளக்கினார்கள். பசு என்பது கபில நிறம், அதாவது பழுப்பு நிறம் உடையது என்றால் கறுப்புப் பசு வெளியே நிற்கிறது. இது அவ்வியாப்தி, வரையறை குறுகிப் போய்விட்டது. கொம்பு உடையது என்றால் எருமையும் ஆடும் உள்ளே வந்துவிடுகின்றன, இது அதிவியாப்தி. ஒற்றைக் குளம்பு உடையது என்றால் ஒரு பசுகூடத் தேறாது, ஏனென்றால் பசுவின் குளம்பு பிளந்தது, இது அசம்பவம். கடைசியில் அவர்கள் பிடித்தது கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல் மடிப்பை, அலைதாடியை. எவ்வளவு சாதாரண உறுப்பு! பசுவின் பெருமையைப் பாடியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்குமா?

இந்தக் கருவியை மாணவரின் வரிமேல் வைத்தோம். மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் நோயாளி. நோயை முடித்துவிட அவர் கையில் ஒன்றும் இல்லை. ஆனாலும் 'பொறுமையாக இருக்கிறார்' என்றுதான் சொல்கிறோம். ஆக வரையறை குறுகல், அவ்வியாப்தி. மாணவருக்கு முகம் வாடிவிட்டது. பிறகு யோசித்தார். நோயாளியால் நோயை விரட்ட முடியாது, ஆனால் பார்த்துக்கொள்பவர்மேல் எரிந்து விழ முடியும், மருந்தைத் தட்டிவிட முடியும். அதைச் செய்யாமல் இருக்கிறாரே! வரி மாறியது: 'உள்ளே அவசரம் இருந்தும், அதன் பிடியில் செயலை விட்டுவிடாமல் இருப்பது.' அந்த அம்மாவும் நோயாளியும் இப்போது ஒரே வேலிக்குள் வந்துவிட்டார்கள். அவசரமே இல்லாத அசமந்தம் வெளியே போய்விட்டது. பயம்? பயந்தவருக்கும் உள்ளே அவசரம் உண்டு, அடங்கித்தான் இருக்கிறார். மறுபடி ஓட்டை! அதை அடைக்க இன்னும் ஒரு பத்தி ஆனது. கட்டுரை என்பது இந்தப் போராட்டம்தான். முடிவாகக் கிடைத்த வரியை மட்டும் எழுதித் தருபவர்கள் சுவையான பகுதியைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறார்கள்.

வரையறையின் ஒவ்வொரு நிபந்தனைக்கும் வேலை இருக்க வேண்டும். கோள் என்ற சொல்லுக்கு 2006 வரை முறையான வரையறை கிடையாது. 2005இல், புளூட்டோவைப் போலவே சூரியனை வெகு தொலைவில் சுற்றும் ஈரிஸ் என்ற வான்பொருளின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது. அது புளூட்டோவைவிடப் பெரியது என்று அப்போது கணித்தார்கள். புளூட்டோ கோள் என்றால் ஈரிசை எப்படித் தள்ளுவது? 2006 ஆகஸ்டில் பிராகில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் நம் சூரியக் குடும்பத்துக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே கிட்டத்தட்ட உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும், அதாவது அங்கே தனக்கு ஈடான வேறு பொருள்கள் இருக்கக் கூடாது. மூன்றாவதில் புளூட்டோ தோற்றது; கோள்கள் எட்டாயின. அந்த மூன்றாவதை எடுத்துவிட்டுப் பாருங்கள், புளூட்டோவோடு ஈரிசும், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சீரிசும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் கட்டுரையிலும் ஒரு நிபந்தனையை எடுத்தால் யாரும் புதிதாக உள்ளே வரவில்லை என்றால் அதை அடித்துவிடலாம். இன்னொன்று, அந்த முடிவை ஏற்காத வானியலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். வரையறை ஒரு வாதம். எதிர்ப்பவர் என்ன சொல்வார் என்பதற்கும் உங்கள் கட்டுரையில் இடம் விடுங்கள்.

'சுதந்திரம் என்றால் அடிமையாக இல்லாதது' போன்ற இல்லை-வரையறைகள் சோம்பலின் அடையாளம். வழுக்கை, தரிசு போன்ற சொற்களுக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம், அவற்றின் இயல்பே ஒன்று இல்லாமைதான்.

கொடுப்பதற்கு முன் கட்டுரையில் அந்தச் சொல் வரும் இடங்களை எல்லாம் மறைத்து யாரிடமாவது நீட்டுங்கள். ஒரு மாணவி பொறுமை பற்றி எழுதியதை அப்படி மறைத்துத் தன் தோழியிடம் கொடுத்தாள். தோழி முழுவதும் படித்துவிட்டு, 'பிடிவாதம்தானே?' என்றாள். மாணவிக்கு முதலில் கோபம். பிறகு தாளை வாங்கிக்கொண்டு போய் மூன்றாம் பத்தியிலிருந்து திரும்ப எழுத உட்கார்ந்தாள்.