90 சதவீதம் சரி, எத்தனை பேரில்?

ஒரு கல்லூரி அலுவலகத்தில் எட்டு வருடம் எனக்கு இதுதான் வேலை: தரவரிசைப் பட்டியல் வெளியிடுகிறவர்கள் அனுப்பும் படிவங்களை நிரப்புவது. மாணவர் எத்தனை, ஆசிரியர் எத்தனை, அவர்களில் முனைவர் பட்டம் வாங்கியவர் எத்தனை, வேலைக்குப் போனவர் எத்தனை என்று கட்டம் கட்டமாகக் கேட்டிருப்பார்கள். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது, எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். வேஷம் கட்டிவிட்ட ஆளுக்கு, மேடையில் நிற்பது யார் என்று அரிதாரத்தையும் தாண்டித் தெரிந்துவிடும். என் நிலைமையும் அதுதான்.

போன சேர்க்கைக் காலத்தில் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவள் கையில் அச்செடுத்த எக்செல் தாள். 14 கல்லூரிகள், மூன்று பட்டியல்களில் ஒவ்வொன்றும் வாங்கிய இடம், கடைசிக் கட்டத்தில் மூன்றுக்கும் சராசரி. முதலில் நின்ற கல்லூரிக்கு 6.33 என்று தசமம் வரை போட்டிருந்தாள்.

"முதல்ல இருக்கறதுலயே சேர்த்துடலாமா சார்? அத மட்டும் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தோம்" என்றார் அப்பா.

உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று பட்டியல்களும் அளந்தது மூன்று வேறு சங்கதிகள். ஓர் ஆளின் உயரத்தையும் எடையையும் செருப்பு அளவையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஒரு விடை வரத்தான் செய்யும். அதை வைத்துச் சட்டை தைக்க முடியாது.

2003-ல் ஷாங்காய் ஜியாவ் தோங் பல்கலைக்கழகத்தார் வெளியிடத் தொடங்கிய உலகப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். உலகின் பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் சீனப் பல்கலைக்கழகங்கள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பதற்காகத் தொடங்கியது அது. அதன் மதிப்பெண்ணில் 30 சதவீதம் நோபல் பரிசும் கணிதத்துக்குத் தரும் ஃபீல்ட்ஸ் பதக்கமும் சம்பந்தப்பட்டது: பழைய மாணவர்கள் வாங்கியதற்கு 10, ஆசிரியர்கள் வாங்கியதற்கு 20. இன்னொரு 20, நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வந்த கட்டுரைகளுக்கு. முதலாண்டு வகுப்பில் பாடம் நடத்துகிறவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வாரா மாட்டாரா என்பதற்கு அதில் இடமே இல்லை. அது அந்தப் பட்டியலின் குற்றமில்லை. அவர்கள் கேட்டுக்கொண்ட கேள்வியே வேறு.

பிரிட்டனின் க்யூஎஸ் நிறுவனம் போடும் உலகப் பட்டியலில் கதை இன்னொரு மாதிரி. மற்ற கல்வியாளர்கள் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற கருத்துக் கணிப்புக்கு அங்கே பல வருடங்கள் 40 சதவீதம் கொடுத்தார்கள். 2023-ல் அதை 30 ஆக்கி, வேலை கொடுப்பவர்களின் அபிப்பிராயத்தை 10-லிருந்து 15-க்கு ஏற்றினார்கள். ஆக, பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, ஊர் வாய்ப் பேச்சுதான் மதிப்பெண். ஊர்ப் பேச்சு எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது மெதுவாக மாறும். பெயர் கெட்டுப்போக இருபது வருடம் ஆகும், பெயர் வரவும் அவ்வளவு ஆகும். நீங்கள் படிக்கப்போவது அதற்கு நடுவில் வரும் மூன்று நான்கு வருடங்கள்.

எந்தச் சங்கதிக்கு எவ்வளவு எடை என்பதுதான் இதில் சூட்சுமம். அந்தப் பெண்ணுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். இரண்டு கல்லூரிகள், பத்துக்கு மதிப்பெண். முதல் கல்லூரிக்கு ஆராய்ச்சியில் 9, பாடம் நடத்துவதில் 5, வேலைவாய்ப்பில் 6. இரண்டாவதற்கு 4, 8, 7. ஆராய்ச்சிக்கு 60 சதவீத எடையும் மற்ற இரண்டுக்கும் இருபது இருபதும் வைத்தால் முதல் கல்லூரி 7.6, இரண்டாவது 5.4. இரண்டாவதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டோம். அதே மதிப்பெண்களில் கை வைக்காமல் எடையை மட்டும் 20, 50, 30 என்று மாற்றினால் முதல் கல்லூரி 6.1, இரண்டாவது 6.9. "தலைகீழாயிடுச்சே சார்" என்றாள். கல்லூரிகள் இருந்த இடத்திலேயேதான் இருந்தன.

வருடா வருடம் ஒரு கல்லூரி எட்டு இடம் ஏறியது, பத்து இடம் சரிந்தது என்று செய்தி வரும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பல சமயம் மாறியது எடைதான். தவிர, கீழே போகப் போகக் கல்லூரிகளுக்கு இடையில் மதிப்பெண் வித்தியாசம் நூலிழை ஆகிவிடும். ஷாங்காய் பட்டியலே முதல் 100-க்குப் பிறகு தனித்தனி இடம் சொல்வதில்லை, 101-150 என்று கட்டாகத்தான் தருகிறது. டைம்ஸ் உயர்கல்விப் பட்டியலும் 200-க்குப் பிறகு அப்படித்தான். போட்டவர்களே அதற்கு மேல் பிரித்துச் சொல்லத் தயங்கும்போது, 112-க்கும் 127-க்கும் நடுவில் நாம் ஏன் ராத்திரி தூக்கத்தைத் தொலைக்க வேண்டும்?

சரி, இப்போது நான் நிரப்பிய கட்டங்களுக்கு வருகிறேன். வேலைவாய்ப்பு சதவீதம் எப்படிப் பிறக்கிறது என்று ஒரு கணக்கு சொல்கிறேன். எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை, நடைமுறை நான் கண்ணால் பார்த்தது. ஒரு வகுப்பில் இறுதியாண்டில் 400 பேர். அரியர் வைத்திருப்பவர்களை முதலில் கழிக்க வேண்டும், அவர்களுக்குத் தகுதி இல்லையாம். மேல்படிப்புக்குப் போகிறேன் என்று சொன்னவர்களைக் கழிக்க வேண்டும், அது நியாயம். அப்புறம் ஒரு படிவம் வரும்: "கல்லூரி மூலம் வேலை எனக்குத் தேவையில்லை." இரண்டு நேர்காணலில் தோற்றுச் சோர்ந்துபோன பையனிடம் அதில் கையெழுத்து வாங்குவது பெரிய கஷ்டமில்லை. இப்படிக் கழித்துக் கழித்து 230 பேர் மிச்சம். வந்த வேலை உத்தரவுகள் 207. 207-ஐ 230-ஆல் வகுத்தால் 90 சதவீதம். விளம்பரப் பலகையில் ஏறிவிடும்.

உத்தரவுகள்தான் 207, ஆட்கள் அத்தனை பேர் இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒருத்தியிடமே மூன்று உத்தரவு இருக்கும். ஆள் கணக்கு எடுத்தால் 161 பேர்தான். 161-ஐ 400-ஆல் வகுத்துப் பாருங்கள், 40 சதவீதம் வருகிறது. 90-ம் பொய்யில்லை, 40-ம் பொய்யில்லை. பள்ளிக்கூடத்தில் பின்னத்துக்கு மேலே இருப்பதைத் தொகுதி, கீழே இருப்பதைப் பகுதி என்று படித்தோமே, எல்லோரும் தொகுதியைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள், வேலை நடப்பது பகுதியில். நான் ஒரு பொய்யான எண்ணும் எழுதியதில்லை என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இப்போது அந்தப் பெருமை இல்லை.

சராசரிச் சம்பளமும் இதே ஜாதிதான். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 4 பங்கு, ஒருவனுக்கு 64 பங்கு என்றால் சராசரி 10. அந்தப் பத்தை அந்த வகுப்பில் ஒருவர்கூட வாங்கவில்லை. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேளுங்கள், 4 என்று விடை வரும்.

சின்னக் கல்லூரிகள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்.பி.ஏ. படிப்பு, யு.எஸ். நியூஸ் என்ற செய்தி நிறுவனம் போடும் பட்டியலில் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து முதலிடம். சேர்ந்தவர்கள் அனைவரும் ஜிமேட் என்ற மேலாண்மை நுழைவுத் தேர்வு எழுதியவர்கள் என்று படிவத்தில் இருந்தது. உண்மையில் எழுதியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்த வணிகவியல் பள்ளியின் முதல்வராக இருந்த மோஷே போராட் 2021-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, அடுத்த வருடம் 14 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

கொலம்பியா கதை இன்னும் சுவாரசியம். யு.எஸ். நியூஸ் பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்த பல்கலைக்கழகம். அங்கேயே கணிதம் கற்பிக்கும் மைக்கேல் தாடியஸ் 2022-ல் உட்கார்ந்து படிவத்தின் எண்களைச் சரிபார்த்தார். இளநிலை வகுப்புகளில் 82.5 சதவீதம் இருபது பேருக்கும் குறைவானவை என்று சொல்லியிருந்தார்கள். கேள்வி எழுந்த பிறகு பல்கலைக்கழகமே வெளியிட்ட கணக்கில் அது 57.1 சதவீதம். அந்த வருடப் பட்டியலில் கொலம்பியா 18-ஆவது இடம். இரண்டிலிருந்து பதினெட்டுக்கு வந்த அந்த இடைவெளியில் ஒரு வகுப்பறையும் மாறவில்லை, ஓர் ஆசிரியரும் பாடத்தை மாற்றி நடத்தவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், 2023-ல் யு.எஸ். நியூஸ் தன் கணக்கிலிருந்து வகுப்பின் அளவையே எடுத்துவிட்டது. சின்ன வகுப்பில் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு இன்று அந்தப் பட்டியல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்த அப்பா ஒரு கேள்வி கேட்டார். "ஆனா சார், பெரிய காலேஜ்ல படிச்சவங்கதானே நல்லா வர்றாங்க?" நல்ல கேள்வி. விதை நல்லதா, மண் நல்லதா என்ற பழைய கேள்விதான். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் இதை 2002-ல் அமெரிக்க மாணவர்களை வைத்து ஆராய்ந்து எழுதினார்கள். 1976-ல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் தகவல் அது. ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒரே மாதிரி இடம் கிடைத்தவர்களில், இடம் கிடைப்பது கடினமான கல்லூரிக்குப் போனவர்களும் அப்படிப் போகாதவர்களும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். ஒரு முக்கிய விலக்கு உண்டு. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரி பலன் தந்தது. கைதூக்கிவிட ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் கிடைக்கும் பழக்கமே சொத்து என்பதை என் அனுபவத்திலும் பார்த்திருக்கிறேன். அதனால் பெயரைப் பார்க்காதே என்று எல்லோருக்கும் ஒரே வாய்ப்பாடாக நான் சொல்வதில்லை.

நேரில் போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். வரவேற்பறை, நீச்சல் குளமெல்லாம் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் சேரப்போகும் துறைக்குப் போங்கள்; கல்லூரிக்கு ஒரு தரம், துறைக்கு வேறு தரம். ஆய்வுக்கூடத்தில் விலை உயர்ந்த கருவி பக்கத்தில் ஒரு பதிவேடு தொங்கும். அதைப் புரட்டுங்கள். ஒருமுறை நான் புரட்டியபோது கடைசிப் பதிவு ஏழு மாதத்துக்கு முந்தையது. கருவியின் மேல் மூடிய பிளாஸ்டிக் உறைக்குள் வாங்கியபோது ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அந்தக் கருவியைக் கணக்கில் சேர்த்து ஏதோ ஒரு படிவத்தில் யாரோ ஒருவர், என்னைப் போல ஒருவர், மதிப்பெண் வாங்கியிருப்பார். இரண்டாமாண்டு மாணவர்களிடம் பேசுங்கள். முதலாண்டுக்காரர்களுக்கு மயக்கம் தெளிந்திருக்காது, இறுதியாண்டுக்காரர்களுக்குக் கவலை வேறு. உங்கள் கல்லூரி சிறந்த பத்தில் ஒன்றாகத் தேர்வாகியுள்ளது, விழாவுக்கு இவ்வளவு கட்டுங்கள் என்று எங்களுக்கு மின்னஞ்சல் வந்துகொண்டே இருக்கும். சுவரில் மாட்டியிருக்கும் கேடயங்களைப் பார்க்கும்போது அதுவும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன். முதல் ஐந்து கல்லூரிகளின் துறை அலுவலகத்துக்குப் போன் போட்டு, நான்கு வருடத்துக்கு முன் முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நேரத்துக்கு முடித்தார்கள் என்று கேள் என்றேன்.

ஒரு வாரம் கழித்து வந்தாள். இரண்டு இடத்தில் போனை எடுக்கவே இல்லை. ஓர் இடத்தில் இணையதளத்தில் பாருங்கள் என்றார்களாம், இணையதளத்தில் இல்லை. 6.33 வாங்கிய கல்லூரியில், இப்படி யாரும் கேட்டதில்லை, எழுத்துமூலம் அனுப்புங்கள் என்று வைத்துவிட்டார்கள். ஐந்தாவதில் ஓர் அம்மா போனை எடுத்து, இருங்க என்று சொல்லிவிட்டு எதையோ தேடினாராம். தாள் புரளும் சத்தம் கேட்டதாம்.

"சேர்ந்தது 62 பேர்ம்மா. முடிச்சது 55. மீதி ஏழுல ரெண்டு பேர் வேற துறைக்கு மாறிட்டாங்க, ஒரு பையன் உடம்பு சரியில்லாம நின்னுட்டான், இந்த வருஷம் திரும்ப வந்திருக்கான். மத்த நாலு பேரப் பத்தி நான் விசாரிச்சுச் சொல்றேன், நாளைக்குக் கூப்பிடறீங்களா?"