நன்கொடைக் கடிதமும் நோயாளியின் மானமும்

குமரி மாவட்டத்தில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப்போய்ப் பார்க்கும் அறக்கட்டளைகளுக்கு நன்கொடைக் கடிதம் எழுதிக்கொடுப்பது என் வேலை. திருத்தக் கொண்டுவரும் கடிதங்களில் பெரும்பாலும் முதல் பக்கம் முழுக்க அறக்கட்டளையின் வரலாறுதான் இருக்கும். எந்த ஆண்டு பதிவானது, யார் தலைவர், திறப்பு விழாவுக்கு யார் வந்தார். பணம் எதற்கு என்பது கடைசிப் பத்தியில், 'தங்களால் இயன்ற உதவி' என்று வரும். எவ்வளவு கொடுப்பது, கொடுத்தால் என்ன நடக்கும் என்று படிப்பவருக்குத் தெரியாது. கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்.

ஒரு செலவைச் சொல்லிக் கேளுங்கள். நர்ஸ் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டிவர பெட்ரோல், பஞ்சு, கையுறை, சம்பளம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு ஆகிறது என்பது உங்கள் கணக்கிலேயே இருக்கும். அந்தத் தொகையை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். சிறிய தொகை கேட்கக் கூச்சம் வேண்டாம். 1970-ல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை நினைவு மண்டபத்துக்காக ஏகநாத் ரானடே ஒரு ரூபாய் முதல் சாமானிய மக்களிடம் திரட்டியதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எனக்கு அதிகக் கவலை தருவது நோயாளியைப் பற்றி எழுதும் விதம். "பேரை மாத்திட்டோம் சார்" என்பார்கள். எழுதியிருப்பதோ, 'தக்கலைக்குப் பக்கத்தில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி, வாயில் புற்றுநோய், மூன்று பெண் பிள்ளைகள்.' நம் ஊரில் ஆளைக் கண்டுபிடிக்க இது போதும். நாலு வருடம் கழித்து மூத்தவளுக்கு வரன் பார்க்கும்போது அந்தக் கடிதம் யாருடைய வாட்ஸ்அப்பிலாவது கிடக்கும். ஊர், தொழில், குடும்பம் மூன்றையும் ஒரே பத்தியில் வைக்காதீர்கள். புண்ணின் படம் வேண்டவே வேண்டாம்.

சம்மதம் வாங்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. மருந்து தரும் நர்ஸே கேட்டால் எந்த நோயாளியும் மறுக்கமாட்டார். வேறொருவர் போய், எழுதிய பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டட்டும். "வேண்டாம்னா சொல்லுங்க, நர்ஸ் எப்பவும்போல வருவாங்க" என்று முதலிலேயே சொல்லட்டும். அவர் அடிக்கச் சொன்ன வரியை அடித்துவிடுங்கள், எவ்வளவு உருக்கமான வரியாக இருந்தாலும்.

உருக்கம் குறைந்தால் பணம் வராதே என்று பயப்படுகிறவர்களுக்கு: வலியைக் காட்டுவதைவிட வலி தீர்ந்ததைக் காட்டுங்கள். 'மார்ஃபின் மாத்திரை தொடங்கிய பிறகு இரவில் தூங்குகிறார். காலையில் திண்ணையில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்தார்.' தன் பணம் என்ன செய்யும் என்பது படிப்பவருக்கு இதில் புரிந்துவிடும்.

அனுப்பும் காலமும் பார்க்கவேண்டும். மீன்பிடித் தடை சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த நாட்களில் கடற்கரை ஊர்களில் கேட்பது நியாயமில்லை. மழையில் பால்வெட்டு நிற்கும்போது மலையோரமும் அப்படித்தான். நோன்பு மாதத்தில் ஜகாத் என்று சொல்லித் தருவதைத் தனிக்கணக்கில் வையுங்கள். அதற்கு உரியவர்கள் யார் என்பது வரையறுக்கப்பட்டது, அலுவலக வாடகைக்குத் திருப்பிவிடக்கூடாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு எழுதும்போது சட்டத்தை மறக்காதீர்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும்கூட, அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம், அதுவும் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில். ஆகவே 'எந்தப் பாஸ்போர்ட்?' என்ற கேள்வி கடிதத்திலேயே இருக்கட்டும். உள்ளூரில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் நன்கொடைக்கான வருமானவரிச் சலுகை (80ஜி) கிடைக்காது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

பணம் வந்த வாரமே நன்றிக் கடிதம் போகட்டும், ரசீதோடு. ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பென்ஷனிலிருந்து அனுப்பிய 200 ரூபாய்க்கும் அது போகவேண்டும், கையால் எழுதியது என்றால் இன்னும் நல்லது. அந்தக் கடிதத்தில் அடுத்த உதவியைக் கேட்காதீர்கள்.