மலிவான கரண்ட் எந்த மணிக்கு வரும்?

பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கும் புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இது பழகிய சங்கதி. அங்கே போய்த் தங்கினால், பல வீடுகளில் பகலில் வாஷிங் மெஷினைத் தொட விடமாட்டார்கள். "ராத்திரி பத்தரைக்கு மேல போடு, ரேட்டு கம்மி" என்பார்கள். குளிக்கிற வெந்நீரும் அந்த நேரத்தில்தான் காயும். நம் பக்கம் அப்படி ஒரு கணக்கு இல்லை. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி கடலூர் பக்கம் போனால் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் ஒரு பகுதி யூனிட் இலவசம். புதுச்சேரியில் மாதா மாதம் பில். இரண்டு இடத்திலும் வீட்டு மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்றுதான் பார்க்கிறது, எத்தனை மணிக்கு ஓடியது என்று பார்ப்பதில்லை.

ராத்திரி மின்சாரம் ஏன் மலிவு? நெய்வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிலக்கரியில் ஓடும் கொதிகலனை ராத்திரி 11 மணிக்கு அணைத்துவிட்டு விடியற்காலை 5 மணிக்கு மறுபடி பற்றவைக்க முடியாது. ஆறிப்போன கொதிகலனைச் சூடேற்றி, டர்பைனைச் சுழற்றி, முழு உற்பத்திக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் தடித்த இரும்புப் பாகங்கள் ஒரே சீராக விரியாமல் விரிசல் விடும். உற்பத்தியை ஓரளவு குறைக்கலாம், அவ்வளவுதான். பிரான்சில் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் அணு உலைகளிலிருந்து வருகிறது. அங்கே எரிபொருள் செலவு குறைவு என்பதால், உலையைச் சும்மா வைத்திருந்தாலும் பெரிய மிச்சம் இல்லை. ஊர் தூங்கும் நேரத்தில் விற்காமல் நிற்கும் மின்சாரத்தை விலை குறைத்தாவது விற்றுவிடலாம் என்பதுதான் இதன் பின்னால் இருக்கும் யோசனை.

மலிவு நேரம் வந்துவிட்டது என்பதை வீட்டுக் கருவிக்குச் சொல்லும் விதம் சுவாரசியமானது. பிரான்சில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும் அதே கம்பியில் 175 ஹெர்ட்ஸ் சமிக்ஞை ஒன்றைச் சேர்த்து அனுப்பினார்கள். அதைக் கேட்டதும் வீட்டிலுள்ள ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் 'டிக்' என்று விழும், வெந்நீர்த் தொட்டி தானாக ஓடத் தொடங்கும். பிரிட்டனில் பல மீட்டர்களுக்கு இந்தக் கட்டளை பிபிசியின் 198 கிலோஹெர்ட்ஸ் நெட்டலை வானொலியில் போனது. செய்தி வாசிப்பவர் குரலோடு சேர்ந்து, யார் காதுக்கும் கேட்காமல்.

சரி, ராத்திரி மலிவாகக் கிடைத்ததைப் பகலுக்கு எப்படி வைத்துக்கொள்வது? பிரிட்டனில் 1978-ல் வந்த 'எக்கானமி 7' திட்டத்தில் 7 மணி நேரம் மலிவு. அதோடு ஒட்டிப் பிறந்ததுபோல வீடுகளில் நிற்பது செங்கல் ஹீட்டர். தகரப் பெட்டிக்குள் கனமான செங்கற்கள், அவற்றின் நடுவே மின்கம்பிச் சுருள், சுற்றிலும் வெப்பம் கசியாத உறை. ராத்திரி முழுக்கச் செங்கல் காய்கிறது, பகல் முழுக்க மெல்ல வெப்பத்தை விடுகிறது. கணக்கு எளிது. ஒரு கிலோ செங்கல்லை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 0.9 கிலோஜூல் வேண்டும். 100 கிலோவை 600 டிகிரி ஏற்றினால் 54,000 கிலோஜூல். 3,600 கிலோஜூல் ஒரு யூனிட் என்பதால், அது 15 யூனிட். குறை என்னவென்றால், சாயந்திரம் வேலை முடிந்து வீடு திரும்பும்போது பெட்டி கிட்டத்தட்ட ஆறிப்போயிருக்கும். போதாக்குறைக்கு அந்தத் திட்டத்தில் பகல் ரேட்டு வழக்கத்தைவிடக் கூடுதல்.

நமக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை மார்கழியில்கூட இல்லை. ஆனால் செங்கல் ஹீட்டர் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, தலைக்கு மேலே. பத்துக்குப் பத்து அறையின் கூரை, 5 அங்குலக் கான்கிரீட் என்றால், அதன் எடை ஏறக்குறைய 2,800 கிலோ. சித்திரை வெயிலில் அது 15 டிகிரி கூடுதலாகக் காய்ந்தால் உள்ளே சேரும் வெப்பம் சுமார் 10 யூனிட். பிரிட்டிஷ்காரர் காசு கொடுத்துச் செய்வதை நமக்குச் சூரியன் இலவசமாகச் செய்துகொடுக்கிறது, கேட்காமலே! வெயில் இறங்கியும் சுவிட்சைப் போட்டதும் காற்றாடி அனல் காற்றைத் தள்ளுவது இதனால்தான். பகலில் மேல்தளத்தில் விழுந்த சூடு கான்கிரீட்டைக் கடந்து கீழ்ப்பக்கம் வரச் சில மணி நேரம் ஆகும். அது வந்து சேரும்போது நாம் படுக்கப் போகிறோம். அந்த 10 யூனிட்டில் பாதி அறைக்குள் இறங்கினாலே, 1 டன் ஏசி அதை மட்டும் வெளியேற்ற ஒன்றரை மணி நேரம் முழுமூச்சாக ஓட வேண்டும். அதனால் மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பதை நான் மின்சாரச் சிக்கனத்தில்தான் சேர்ப்பேன்.

ஆக, கோடை ராத்திரி இங்கே ஓய்வு நேரம் இல்லை. வீடு வீடாக ஏசி ஓடும் நேரம். இன்னொரு பக்கம் சூரிய மின்சாரம் பெருகிவிட்டதால் உபரி நடுப்பகலுக்கு நகர்ந்துவிட்டது. மின் நிறுவனங்கள் தங்களுக்குள் வாங்கி விற்கும் மின் சந்தையில் வெயில் நேரத்து விலை படுத்துவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் யூனிட் 10 ரூபாய் என்ற உச்சவரம்பை முட்டும் நாட்களும் உண்டு. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஜூனில் மத்திய அரசு செய்த திருத்தம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. சூரிய நேரமாக ஒரு நாளில் 8 மணி நேரம். அப்போது கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் கம்மி. எல்லாரும் ஒன்றாகக் கரண்ட் எடுக்கும் உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். விவசாயத்துக்கு விலக்கு. மணிக்கணக்கைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் மீட்டர் வந்த பிறகுதான் இதெல்லாம் ஒரு வீட்டுக்குப் பொருந்தும். பிரான்சிலும் மலிவு நேரத்தில் ஒரு பகுதியை மதியத்துக்கு மாற்றத் தொடங்கிவிட்டார்கள்.

அப்படி வந்தால் எதை நண்பகலுக்கு மாற்றுவது? முதலில் தோன்றுவது தண்ணீர் மோட்டார். மாற்றலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத்துத் தொட்டிக்கு ஏற்றினால் அதில் சேரும் ஆற்றல் 98 கிலோஜூல். அதே ஆற்றலை 25 லிட்டர் கீசரில் செலுத்தினால் தண்ணீர் 1 டிகிரிகூடச் சூடேறாது! போர்வெல்லில் ஆழத்திலிருந்து இழுப்பதையும் மோட்டாரின் வீணடிப்பையும் சேர்த்தாலும், ஒரு தொட்டி நிரப்பும் செலவு பெரும்பாலும் ஒரு யூனிட்டுக்குள் அடங்கிவிடும். கிரைண்டரும் பச்சைத் தண்ணீரில் துவைக்கும் வாஷிங் மெஷினும் இதே ரகம். எதையாவது சூடாக்குவதும் குளிரவைப்பதும்தான் கரண்டைத் தின்னும்.

அப்படியானால் கீசர்? 25 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஒரு யூனிட் போதும். மதியம் காய்ச்சி மறுநாள் காலை குளிக்க நினைத்தால், சின்னத் தொட்டியில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு அதிகம் என்பதால் கணிசமான சூடு ராத்திரியிலேயே போய்விடும். பிரெஞ்சு வீடுகளில் 200 லிட்டர்த் தொட்டி நிற்பது சும்மா இல்லை. ஏசி வேறு மாதிரி. வீட்டில் ஆள் இருந்தால், உச்ச நேரம் தொடங்கும் முன்பே அறையைக் குளிரவைத்துச் சுவரையும் கட்டிலையும் ஆற்றிவிடலாம். பிறகு ஏசி கொஞ்சம் மூச்சு விடும். கூரை வெள்ளையாக இருந்தால் இது இன்னும் எடுபடும்.

உண்மையில் கை கொடுக்கக்கூடியது மின்சார ஸ்கூட்டர். 3 யூனிட் பேட்டரி, எப்போது ஏற்றினாலும் சேமித்தது அப்படியே இருக்கும். மாடிப்படிக்கு அடியில் ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டு, வெளியே போகும் ஒரே வழியில் அதை நிறுத்திவைத்துத் தூங்குவதும் தவிரும். ஆனால் மலிவு நேரத்தில் வண்டி வீட்டில் இருக்காதே! பஸ் ஸ்டாண்டில் வண்டி விடும் இடத்திலோ, கலெக்டர் ஆபீஸ் வாசலிலோ, ஜிப்மர் வளாகத்திலோ வெயிலில் நிற்கும். ஸ்மார்ட் மீட்டரை வீட்டுச் சுவரில் மாட்டும்போது, வண்டி நிற்கும் இடத்தில் ஒரு பிளக் பாயிண்டும் வேண்டும்.